ஆட்டம் அறியாதார் எழுதும் ஆட்டக்கதை

வீடியோ விளையாட்டுகளைப் பொருளாகக் கொண்டு தொலைக்காட்சியிலும் இணையத்திரையிலும் வெளிவரும் தொடர்கள், அவ்விளையாட்டுகளை ஆடுகிறவர்களின் உள்ளத்தைக் கவர முடியுமா என்பதே நாம் இவ்வாரம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம். சாதியும், மூடநம்பிக்கையும், கூலிக் குறைவும் தலைக்குமேல் கிடக்கையில், பிள்ளைகள் விரல்நோகத் தட்டிக்கொண்டிருக்கும் விளையாட்டைப் பற்றி ஒரு சீர்திருத்தப் பத்திரிகையின் இலக்கியப் பகுதியில் எழுதவேண்டுமா என்று நேயர்களுள் சிலர் கேட்கக்கூடும். எழுதத்தான் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். ஒரு சமூகத்தின் வாலிபர்கள் தங்கள் ஓய்வு நேரத்தின் பெரும்பகுதியை எதில் கழிக்கிறார்களோ, அதைப் பற்றி அச்சமூகத்தின் நாடகம் பொய் சொல்லுமானால், பிறகு அந்நாடகம் எதைப் பற்றி மெய் சொன்னாலும் அவர்கள் காதில் ஏறாது.

மாலை மங்கியபின் பாடாங் மேஹாவிலோ, அல்லது பாடாங் சிராய், கூலிம், சுங்கைப் பட்டாணி முதலிய பட்டணங்களிலோ ஒரு தேநீர்க் கடைப் பக்கம் போய்ப் பார்ப்பவர்களுக்கு நாம் சொல்வது விளங்கும். செம்பனைக் குலை வெட்டிவிட்டு வந்தவனும், கூலிம் தொழிற்பேட்டையில் வேலைமுறை முடிந்து வந்தவனும், ஐந்தாம் படிவம் படிக்கும் மாணவனும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, கைப்பேசியைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பாராமலே ஒருவரோடொருவர் உரக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பெரும்பாலும் ஆடுவது 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மொபைல் லெஜெண்ட்ஸ்’ என்னும் ஆட்டம். ஐவர் ஒரு கட்சி, ஐவர் எதிர்க்கட்சி. மூன்று பாதைகள், நடுவே காடு, பாதைதோறும் காவற்கோபுரங்கள். எதிரியின் தளத்தை முதலில் தகர்ப்பவர்க்கு வெற்றி. ஓர் ஆட்டம் ஏறக்குறைய கால்மணி நேரத்தில் முடிந்துவிடும்.

சில மாதங்களுக்கு முன் நாம் அத்தகைய கடையொன்றில் அமர்ந்திருக்கையில், அங்கிருந்த தொலைக்காட்சியில் ஒரு தமிழ்த் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பையன் கைப்பேசி விளையாட்டில் மூழ்கிப் படிப்பை விட்டான். தாயின் சங்கிலியைத் திருடினான். தந்தையை அடிக்கக் கை ஓங்கினான். முடிவில் பூசாரி ஒருவர் கையில் கயிறு கட்டியதும் புத்தி தெளிந்து அழுதான். பக்கத்து மேசையில் இருந்த வாலிபர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களுள் ஒருவன் நம்மிடம் திரும்பி, “அண்ணே, இவன் ஆடுறது என்ன ஆட்டம்னு சொல்லுங்க பார்ப்போம்” என்றான். நாம் உற்றுப் பார்த்தோம். நடிகர் கைப்பேசியைக் கடிதம் எழுதுபவர் போல நெடுக்காகப் பிடித்திருந்தார். இரண்டு கட்டைவிரல்களும் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தன, திரை அணைந்திருந்தது. பின்னணியிலோ, நாற்பதாண்டுகளுக்கு முந்திய விளையாட்டுப் பெட்டிகளின் கீச்சுக் குரல்! அப்படி ஓர் ஆட்டம் உலகத்தில் இல்லை.

ஆனால் அதே கடையில் உட்கார்ந்திருந்த முதியவர்கள் இருவர், “பார்த்தீர்களா, இந்தச் சனியன் இப்படித்தான் குடியைக் கெடுக்கும்” என்று தலையசைத்தார்கள். நேயர்கள் இவ்விரண்டையும் சேர்த்து நோக்கவேண்டும். அத்தொடர் தெரியாதவர்களை நம்பவைத்தது, தெரிந்தவர்களைச் சிரிக்கவைத்தது. யாருக்காக அந்த எச்சரிக்கை எழுதப்பட்டதோ அவனுக்கு அது வேடிக்கையாயிற்று. அவனை ஏற்கனவே சந்தேகித்துக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் அது சாட்சியமாயிற்று. திருத்த எழுந்த நாடகம் இதைவிடத் தோற்பதெப்படி என்று நாம் கேட்கிறோம்.

நிற்க. இக்கேள்விக்கு இருவகையார் இருவேறு விடைகளைச் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு சாரார், “ஆடுகிறவனுக்கு ஆடத்தான் பிடிக்கும்; அவனை உட்காரவைத்து ஆட்டத்தின் கதையைக் காட்டினால் அவன் ஏன் பார்ப்பான்?” என்கிறார்கள். மற்றொரு சாரார், “ஆட்டத்தில் உள்ள உடையையும் ஆயுதத்தையும் பெயரையும் அப்படியே கொண்டுவந்து காட்டினால் போதும், கூட்டம் கூடிவிடும்” என்கிறார்கள். முன்னவர் ஆட்டக்காரனை அறியாதவர். பின்னவர் நாடகத்தை அறியாதவர். இருவர் கூற்றும் அநுபவத்துக்கு ஒவ்வாதவை என்பதை ஒவ்வொன்றாகக் காட்டுவோம்.

ஆடுகிறவன் பார்க்கமாட்டான் என்பது உண்மையன்று. தென்கொரியாவில் 2000ஆம் ஆண்டிலேயே விளையாட்டுப் போட்டிகளை ஒளிபரப்புவதற்கென்றே ஒரு தொலைக்காட்சி நிலையம் ஏற்பட்டது. ‘ஸ்டார்கிராஃப்ட்’ ஆட்டக்காரர்கள் அங்கே திரைநடிகர்களைப் போலப் புகழ்பெற்றார்கள். நமது மலேசியாவிலும் 2016இல் ஆஸ்ட்ரோ நிறுவனம் இருபத்துநான்கு மணி நேரமும் இவ்வகைப் போட்டிகளையே காட்டும் அலைவரிசை ஒன்றைத் தொடங்கியது. 2019இல் பிலிப்பீன்ஸில் நடந்த தென்கிழக்காசியப் போட்டியில் மின்விளையாட்டு முதன்முறையாகப் பதக்கத்துக்குரிய பந்தயமாயிற்று. 2024ஆம் ஆண்டு ஜூலையில் ரியாத் நகரில் ‘சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ்’ என்னும் நம் நாட்டுக் குழு, மொபைல் லெஜெண்ட்ஸ் இறுதியாட்டத்தில் பிலிப்பீன்ஸ் குழுவை வென்று பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசு பெற்றபோது, நம் தோட்டத்துப் பிள்ளைகள் தம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார்கள். பந்து விளையாடுகிறவன் பந்தாட்டம் பார்க்கமாட்டான் என்று எவரேனும் சொல்வதுண்டா? ஜப்பானில் 2003 முதல் ஒளிபரப்பாகிவரும் ஒரு நிகழ்ச்சியில், அரினோ ஷின்யா என்னும் நகைச்சுவை நடிகர் பழைய விளையாட்டொன்றை எடுத்துக்கொண்டு நாள்முழுதும் தோற்றுத் தோற்று, முடிவில் சில வேளை வெல்கிறார், சில வேளை தோற்றே எழுந்து போகிறார். அவர் கெட்டிக்கார ஆட்டக்காரரும் அல்லர். ஆயினும் ஆட்டக்காரர்கள் அவரை விரும்புகிறார்கள். ஏனெனில் அவர் படும் பாட்டைத் தாமும் பட்டவர்கள் அவர்கள்.

இனி இரண்டாவது கூற்று. உடையும் பெயரும் போதுமென்றால், 1993இல் ஹாலிவுட்டில் எடுத்த ‘சூப்பர் மாரியோ’ படம் வெற்றி பெற்றிருக்கவேண்டும். மாரியோவின் பெயரும் தொப்பியும் அதில் இருந்தன. ஆனால் ஆட்டத்தின் குதூகலம் இல்லை. அதில் மாரியோவாக நடித்த பாப் ஹாஸ்கின்ஸ் என்பவரே, தம் வாழ்நாளில் செய்தவற்றுள் மிக மோசமான வேலை அதுவே என்று பிற்காலத்தில் சொல்லிவிட்டார். முப்பதாண்டு கழித்து 2023இல் அதே மாரியோவைக் கொண்டு வந்த சித்திரப்படமோ நூற்றுமுப்பது கோடி டாலருக்குமேல் வசூலித்தது. 2022இல் ‘ஹேலோ’ என்னும் ஆட்டம் தொடராக வந்தது. ஆட்டத்தில் இருபதாண்டுகளாகத் தலைக்கவசத்தைக் கழற்றி முகம் காட்டாத வீரன், தொடரின் முதற்பகுதியிலேயே அதைக் கழற்றினான். அதை உருவாக்கியவர்களுள் தலைமையானவர், தாங்கள் ஆட்டத்தைப் பார்க்கவேயில்லை என்று பத்திரிகைப் பேட்டியில் பெருமையோடு தெரிவித்தார். ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். இரண்டு பருவங்களோடு 2024இல் தொடர் நின்றது.

கவசத்தைக் கழற்றியதா குற்றம் என்று சிலர் ஏளனம் செய்தனர். கவசம் ஒரு சிறிய விஷயந்தான். ஆயின் அந்த முகமற்ற கவசத்துக்குள் ஆடுகிறவன் தன் முகத்தை வைத்திருந்தான். அதைக் கழற்றியவர் அவனை வெளியே தள்ளினார். இதை அறிந்து வேண்டுமென்றே செய்திருந்தால் அது கலைஞனின் துணிவு எனலாம். அறிய வேண்டியதேயில்லை என்று செய்ததை நாம் அலட்சியம் என்கிறோம். பிறர் வாழ்வைப் பற்றி எழுதப் புகுந்தவன், அவ்வாழ்வைப் பார்க்கவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லத் துணிவது, அவ்வாழ்வுக்குரியவரை மதியாதபோதுதான்.

இதற்கு நேர்மாறான உதாரணங்களும் உண்டு. ‘லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்’ என்னும் ஆட்டத்தை உடைய நிறுவனமே பிரான்சு தேசத்துச் சித்திரக்காரர்களோடு சேர்ந்து ‘ஆர்கேன்’ என்ற தொடரை 2021இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டில் அது எம்மி விருதும் பெற்றது. அவ்வாட்டத்தை ஒருநாளும் தொடாதவர்களும் அதை விரும்பிப் பார்த்தார்கள். வளமான மேல்நகரமும், அதன் கழிவையும் புகையையும் சுமக்கும் கீழ்நகரமும், அங்கே பிரிந்துபோன இரு சகோதரிகளுமே அதன் கதை. அதில் கூலிக்காரன் நெஞ்சைத் தொடும் பகுதிகள் பல உள. 2024இல் வந்த ‘ஃபால்அவுட்’ தொடர் ஆட்டத்தின் கதையைத் திரும்பச் சொல்லாமல், ஆட்டத்தின் உலகத்திலேயே ஒரு புதுக்கதையை நடத்தியது. அதைப் பார்த்தவர்கள் பலர் பழைய ஆட்டங்களைத் தேடியெடுத்து மீண்டும் ஆடத் தொடங்கினார்கள்.

2013ஆம் ஆண்டின் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ என்னும் ஆட்டம் 2023இல் தொடராயிற்று. ஆட்டத்தை எழுதிய நீல் ட்ரக்மன் என்பவரே தொடரையும் கிரேக் மேஸின் என்பாரோடு சேர்ந்து அமைத்தார். அதன் மூன்றாம் பகுதி நமது வாதத்துக்கு மிகவும் வேண்டியது. ஆட்டத்தில் பில் என்பவன் தனியனாய்த் திரிகிறான். அவனுடைய தோழன் ஃபிராங்க்கை நாம் பிணமாகத்தான் காண்கிறோம். கசப்பான ஒரு கடிதத்தை விட்டுச் செத்திருக்கிறான். தொடரிலோ அவ்விருவரும் பல்லாண்டு ஒருவரையொருவர் நேசித்து, முதுமையில் ஒன்றாகவே சாகிறார்கள். மாற்றத்தை வெறுத்த ஆட்டக்காரர் சிலர் இருந்தார்கள். ஆனால் அப்பகுதியை மிகச் சிறந்ததென்று கொண்டாடியவர்களுள் ஆட்டக்காரர்களும் ஏராளம். ஹேலோக்காரர் மாற்றினார், இவரும் மாற்றினார். அவர் அறியாமல் மாற்றினார்; இவர் அறிந்து மாற்றினார். ஆடும்போது பில்லின் வீட்டைக் கடந்து ஓடத்தான் நேரமிருக்கும். உட்கார்ந்து அவன் வாழ்வைப் பார்க்க நேரமிராது. ஆட்டம் கொடுக்க முடியாத அந்த ஒன்றை நாடகம் கொடுத்தது. ஆட்டக்காரனின் கையிலிருந்து தெரிவு செய்யும் உரிமையை எடுத்துக்கொள்ளும் நாடகம், அதற்கு ஈடாக இப்படி ஏதேனும் கொடுக்கத்தான் வேண்டும். கடனை வாங்கிவிட்டுத் திருப்பாதவன்மேல் ஆட்டக்காரன் கோபங்கொள்வது நியாயமே.

இவை அந்நிய தேசத்துச் சங்கதிகள், நம் தமிழில் உண்டா என்று கேட்பவர்க்கு, உண்டு என்போம். 2019இல் அஸ்வின் சரவணன் இயக்கித் தமிழிலும் தெலுங்கிலும் வந்த ‘கேம் ஓவர்’ படத்தில், டாப்சி வீடியோ விளையாட்டு அமைக்கும் பெண்ணாக நடித்தார். அவள் பழைய ‘பேக்மேன்’ ஆட்டத்தை ஆடுவது படத்தில் அலங்காரத்துக்காக வரவில்லை. கொலைகாரர் வீடு புகுந்தபோது அவள் சாகிறாள். ஆட்டத்தில் மூன்று உயிர் இருப்பதுபோல் மறுபடியும் தொடங்குகிறாள். முன்பு செத்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை சற்று மேலே போகிறாள். தோல்வியிலிருந்து கற்பது என்னும் ஆட்டத்தின் சட்டத்தையே அப்படம் கதையின் சட்டமாக எடுத்துக்கொண்டது. ஆட்டக்காரன் அதைக் கண்டதும், தன்னை அறிந்தவன் ஒருவன் எழுதியிருக்கிறான் என்று தெரிந்துகொள்வான்.

2025ஆம் ஆண்டு அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘தி கேம்’ என்னும் தமிழ்த் தொடரில், ஷ்ரத்தா ஸ்ரீநாத் விளையாட்டு உருவாக்கும் பெண்ணாக வருகிறார். திட்டமிட்ட தாக்குதலுக்கு இலக்கான அவள், செய்தவர் யாரெனத் தேடுகிறாள். இத்துறைப் பெண்கள் இணையத்தில் வசைக்கும் மிரட்டலுக்கும் ஆளாவது கற்பனையன்று. 2014இல் அமெரிக்காவில் விளையாட்டு உருவாக்கிய பெண்களையும், விளையாட்டை விமர்சித்த பெண்களையும் ஒரு கூட்டம் வீட்டை விட்டே ஓடச் செய்தது. அக்கூட்டம் ஆட்டக்காரர் என்ற பெயரைத்தான் சூட்டிக்கொண்டது. ஆதலால் இப்பொருளைத் தமிழில் எடுத்ததை நாம் பாராட்டவே செய்கிறோம். நமது குறை வேறு. ஆட்டத்தைச் சுற்றியுள்ள ஆபத்தைப் பற்றிப் பேச நமக்கு ஆள் கிடைத்துவிட்டது. ஆட்டத்துக்குள் இருக்கும் இன்பத்தையும் தோழமையையும் பற்றிப் பேசத்தான் இன்னும் ஆளில்லை. விளையாட்டு என்றால் கொலை, விளையாட்டு என்றால் மோசடி, விளையாட்டு என்றால் பைத்தியம் என்றே நம் திரை எழுதிக்கொண்டிருந்தால், நாள்தோறும் அதை ஆடிவிட்டுக் காலையில் வேலைக்குப் போகிறவன், இது யாரைப் பற்றிய கதையோ என்றுதான் எழுந்துபோவான்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். “ஆட்டக்காரன் ரசிக்கும்படி நுட்பமாக எழுதினால், ஆட்டம் தெரியாத தாய்மார்க்கும் பெரியவர்க்கும் விளங்காதே, வியாபாரம் எப்படி நடக்கும்?” என்பார்கள் தயாரிப்பாளர்கள். இது சோம்பேறித்தனத்துக்குச் சொல்லும் சாக்கு. 2024இல் தமிழரசன் பச்சமுத்து எடுத்த ‘லப்பர் பந்து’ படம், ஊர்ப்புறத்து ரப்பர் பந்துக் கிரிக்கெட்டை அதன் சகல நுணுக்கத்தோடும் காட்டியது. பந்து பிடித்தறியாதவர்களும் அதைப் பார்த்தார்கள். திறமையிருந்தும் சாதியின் பேரால் ஒருவனுக்குக் குழுவில் இடமில்லை என்னும்போது, ஆட்டத்தின் விதி தெரியாதவனுக்கும் அங்கே நடக்கும் அநீதி தெரிந்துவிடுகிறது. வட சென்னைக் குத்துச்சண்டையை 2021இல் பா. ரஞ்சித் ‘சார்பட்டா பரம்பரை’யில் காட்டியபோதும் அப்படியே. ஏன், தெருக்கூத்தில் சூதாட்டக் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அக்கதையில் நமக்குப் பக்தி கிடையாது. மனைவியைப் பணயம் வைத்தவனைத் தருமன் என்று அழைக்கும் நியாயமும் நமக்கு விளங்கவில்லை. ஆயினும் விடியவிடிய அதைப் பார்த்தவர்களுள் எத்தனை பேருக்குப் பகடையின் விதி தெரியும்? பணயம் இன்னதென்று தெரிந்திருந்தது, அது போதுமானதாயிருந்தது. திருவள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே ஒதுக்கினார். தொலைவில் நின்று ஏசியவர் எழுத்தாக அது இல்லை; தோற்கத் தோற்கச் சூதின்மேல் ஆசை வளரும் மனத்தை உள்ளே புகுந்து பார்த்தவர் எழுத்தாக இருக்கிறது. கண்டிக்கிறவனுக்கும் அறிவு வேண்டும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இனி, நாம் முதலில் சொன்ன கடைக்கே திரும்புவோம். இவ்விளையாட்டுகளில் தீமை ஒன்றுமில்லை என்று நாம் வாதிக்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் கட்டுக்கடங்காத விளையாட்டுப் பழக்கத்தை நோய்ப்பட்டியலில் சேர்த்து, அப்பட்டியல் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆட்டத்தில் வீரனுக்கு ஒரு புது உடை வேண்டுமானால், காசு கொடுத்து, குலுக்கல் முறையில், கிடைத்தாலும் கிடைக்கும் என்று வாங்கச்செய்யும் தந்திரத்தைச் சில ஆட்டங்கள் கையாளுகின்றன. 2018இல் பெல்ஜியம் இவ்வகைக் குலுக்கல் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுத்து, மின்விளையாட்டுப் போட்டிகளை வேறாக வைத்து அங்கீகரித்தது. சர்க்கார் சட்டத்துக்கே தெரிந்த இந்தப் பாகுபாடு நம் தொடர் எழுதுவோர்க்குத் தெரியவில்லை! அவர்களுக்கு ரம்மி ஆடிக் கடனாளியானவனும், ஐவராகச் சேர்ந்து கோபுரம் காக்கிறவனும் ஒருவனே. குலுக்கலில் ஐம்பது வெள்ளியை விட்டுவிட்டு வெளியில் சொல்ல வெட்கப்படும் பையனுக்குச் சொல்லவேண்டிய சொல் ஒன்று உண்டு. அதைச் சொல்லக்கூடிய நாடகம், முதல் காட்சியிலேயே கைப்பேசியைத் தவறாகப் பிடித்துத் தன் வாயைத் தானே அடைத்துக்கொண்டது.

“இது இந்தக் காலத்துக் கள்” என்று பெரியவர்கள் சொல்வதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். உவமையை நாம் மறுக்கவில்லை. அதை முழுவதும் சொல்லும்படி கேட்கிறோம். 1946, 1947ஆம் ஆண்டுகளில் இதே கெடாவின் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை மறித்தார்கள் என்பது சரித்திரம். அவர்கள் யார்? தோட்டத் தொழிலாளிகளே. கள்ளுக்கடையில் யார் குடிக்கிறார்கள், ஏன் குடிக்கிறார்கள், எந்த நாளில் கூலி கைக்கு வருகிறது, அக்காசு எந்த வழியாகத் திரும்பிப் போகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். குடித்தவன் அவர்களுடைய தமையன், அவர்களுடைய தந்தை. ஆதலால் அவனை இகழாமல், கடையை மறித்தார்கள். இன்றைய கள்ளை ஒழிக்கப் புறப்பட்ட நம் தொடர்களோ, கடையைத் தொடவில்லை. குலுக்கலில் காசு பறிக்கும் கம்பெனியைப் பற்றி ஒரு வசனமும் இல்லை. குடித்தவனாகக் கருதிய பையனை மட்டும் தெருவில் நிறுத்தி ஏசுகின்றன.

அப்படியாயின் எதைக் காட்டவேண்டும் என்பீர்களானால், ஒரு காட்சியைச் சொல்லுகிறோம். தாய் சோற்றைப் பரிமாறிவைத்து மகனைக் கூப்பிடுகிறாள். “பத்து நிமிஷம்மா” என்கிறான். அவள் மறுபடியும் கூப்பிடுகிறாள். “அதை நிறுத்தி வைத்துவிட்டு வாடா” என்கிறாள். பழைய ஆட்டங்களை நிறுத்திவைக்கலாம். இதை முடியாது என்பது அவளுக்குத் தெரியாது. அவன் எழுந்தால் நால்வர் தோற்பார்கள். அவன் கணக்கில் நன்மதிப்பு குறையும். அடிக்கடி எழுந்து போகிறவனோடு ஆட யாரும் சேரமாட்டார்கள். அந்நால்வருள் ஒருவன் தன் அடுத்த வீட்டுக்காரன், ஒருவன் பினாங்கில் வேலை செய்யும் அத்தை மகன், இருவர் பெயரும் ஊரும் தெரியாத மலாய்க்கார, சீனப் பையன்கள். அவர்களுக்கு அவன் கொடுத்த வாக்கு ஒன்று. நாள்முழுதும் உழைத்துச் சமைத்துவைத்த தாய்க்கு அவன் கடமைப்பட்டது ஒன்று. அவள் சுயநலக்காரி அல்லள். அவன் வெறியன் அல்லன். இருவரும் நியாயக்காரர்கள், சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. இதைவிட நாடகத்துக்கு வேறென்ன வேண்டும்? இக்காட்சியைத் தெரிந்து எழுதினால் மகன் சிரிக்கமாட்டான், தாயும் தலையசைத்துவிட்டுப் போகமாட்டாள். ஒருவேளை மறுநாள் ஆட்டம் தொடங்குமுன், “அம்மா, சோறு எப்போது ஆகும்?” என்று அவன் கேட்பான். அவளும், “ஒரு ஆட்டந்தானே, முடித்துவிட்டு வா” என்பாள். பூசாரியின் கயிறு செய்யாத சீர்திருத்தம் அது.

இன்னும் எத்தனையோ உள. ‘எபிக்’ என்னும் தரத்தைத் தாண்டமுடியாமல் மாதக்கணக்கில் ஏறியும் இறங்கியும் திண்டாடுபவனின் ஆற்றாமை ஒன்று. எதிரியின் அடியெல்லாம் தன்மேல் வாங்கிக்கொண்டு குழுவைக் காக்கும் வீரனைத் தெரிந்தெடுத்து ஆடுபவன், வெற்றிக்குப் பிறகு புகழ் வேறொருவனுக்குப் போவதைப் பேசாமல் பார்த்திருப்பது ஒன்று. பெண்பெயரோடு ஆட வந்தவள், குரல் கேட்டதும் ஏளனத்துக்கு ஆளாகி, அடுத்த நாள் ஆண்பெயர் வைத்துக்கொண்டு வருவது ஒன்று. தமிழன் என்று தெரிந்ததும் எதிர்க்கட்சிக்காரன் எழுதும் வசை ஒன்று. அவ்வசைக்கு நம்மவன் திருப்பி எழுதும் வசை, இன்னொரு சாதியையோ இனத்தையோ இழிவுபடுத்துவதாயிருப்பது மற்றொன்று. இவையெல்லாம் கடைமேசையில் நாள்தோறும் நடப்பவை. இவற்றுள் சமூகச் சீர்திருத்தத்துக்கு வேலையில்லை என்று எவரேனும் சொல்வாராயின், அவர் அந்த மேசைப் பக்கம் வரவில்லை என்றே நாம் கொள்ளவேண்டும்.

தோட்டப்புறத்தவர்களாகிய நமக்கு இதில் தனிப்பட்ட வலியும் ஒன்று உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. நம்மைப் பற்றி நம்மை அறியாதவர்கள் எழுதுவது நமக்குப் புதிதன்று. பால் மரம் வெட்டியவனை வெள்ளைத் துரை தன் நூலில் எழுதினான். குழந்தை போன்றவன், கள் கிடைத்தால் திருப்தியுள்ளவன் என்று எழுதினான். பட்டணத்துக் கதைக்காரர் எழுதினார். அழுக்கானவன், அடிதடிக்காரன் என்று எழுதினார். அவற்றைப் படித்த தோட்டக்காரன் எவனும் தன்னை அங்கே காணவில்லை. தன்னைக் காணாதவன் அந்நூலைத் தன்னுடையதென்று எடுத்துக்கொள்ளவுமில்லை. அப்போது நாம் எதைக் குற்றம் என்று சொன்னோமோ, அதையே இன்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாமே செய்கிறோம். அறிஞர் அண்ணாவின் ‘வேலைக்காரி’ நாடகமேடையிலும், பின்பு 1949இல் திரையிலும் ஏழைகளைத் தன்பக்கம் இழுத்தது, அவர்களைப் பற்றிப் பேசியதால் மட்டுமன்று. அவர்கள் உள்ளக் கொதிப்பு இன்னதென்று தெரிந்து பேசியதால். நாடகத்தால் ஒரு தலைமுறையையே விழிக்கவைத்த இயக்கத்தின் வழிவந்தோர், அடுத்த தலைமுறையை அணைந்த கைப்பேசியைக் காட்டி மிரட்டுவது நமக்கு வெட்கமாயிருக்கிறது.

ஆகவே, முதலிற் கேட்ட கேள்விக்கு நமது விடை இது: விளையாட்டைப் பற்றிய தொடர் ஆட்டக்காரனைக் கவர முடியும், கவர்ந்தும் இருக்கிறது. அதற்குக் கோடிக்கணக்கான டாலர் அவசியமில்லை. எழுதுகிறவன் ஒரு மாதம் ஆடிப் பார்க்கவேண்டும்; தோற்கவேண்டும்; தன்னினும் இளைய பையன் ஒருவனிடம் உட்கார்ந்து, “தம்பி, நான் எங்கே தவறினேன்?” என்று கேட்கவேண்டும். நம் எழுத்தாளர்களிற் பலருக்கு முதலிரண்டும் ஆகும், மூன்றாவதுதான் ஆகாது. வயதில் மூத்தவன் இளையவனிடம் கற்றுக்கொள்வதை இழிவென்று நினைக்கும் புத்தி, சாதியில் உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் கற்பதை இழிவென்று நினைத்த புத்தியின் தம்பியே என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம்.

வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களைப் பற்றிப் பொய் எழுதுகிறார்கள் என்று சிரித்துவிட்டு மறுபடியும் ஆட்டத்தில் இறங்கினால், பொய் எழுதுவோர் நாளையும் எழுதிக்கொண்டுதான் இருப்பார்கள். ஆட்டத்தின் சட்டம் உங்களுக்குத் தெரியும்; தாயின் குரலும் உங்கள் காதில் விழுந்திருக்கிறது; குலுக்கலில் போன காசின் வலியும் தெரியும். எழுதவேண்டியவர்கள் நீங்களே. தோட்டத்து மண்டபத்தில் அரைமணி நேர நாடகமாக எழுதி நடியுங்கள். கைப்பேசியிலேயே படம் பிடியுங்கள். அக்கடையில் தலையசைத்த பெரியவர்கள் இருவரையும் முதல் வரிசையில் உட்காரவையுங்கள். அவர்கள் அன்றைக்கு என்ன சொல்லுகிறார்கள் என்று கேட்க நாமும் வருகிறோம்.